மாடிப்படியும் ஹோட்டல் அறையும்

சங்கீதத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சபைகளைப் பற்றியே எழுதுகிறார்கள். எந்த ஊரில், எந்த மண்டபத்தில், எத்தனை பேர் முன்னிலையில், யார் பாடினார், யார் வாசித்தார் என்பதுதான் கணக்கு. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, தனக்காகவும் தன்னைச் சேர்ந்த இரண்டொருவருக்காகவும் ஒருவர் வாசித்ததைப் பற்றி யாரும் குறிப்பு எழுதி வைப்பதில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது? டிக்கெட் இல்லை, நோட்டீஸ் இல்லை, மறுநாள் பத்திரிகையில் விமரிசனமும் இல்லை. ஆனாலும் உலகத்தில் இதுவரை வாசிக்கப்பட்ட சங்கீதத்தில் பெரும்பகுதி இப்படிக் கணக்கில் வராமல் காற்றோடு போனதாகத்தான் இருக்க வேண்டும். நம் வீடுகளில் வீணை அப்படி இருந்தது. ஐரோப்பாவில் பியானோ.

பியானோவிலும் கிறிஸ்துமஸ் சமயத்துப் பியானோ ஒரு தனி விஷயம். அந்தத் தேசங்களில் டிசம்பர் என்றால் பிற்பகல் நாலு மணிக்கே இருட்டிவிடும். வெளியே பனி. கோயிலில் ஆர்கன் வாத்தியம் இருக்கிறது. ஆனால் அதற்கென்று ஒரு வித்துவான் வேண்டும். தெருவில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கோஷ்டிகள் உண்டு; ஆனால் அவர்கள் பாடிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் வீட்டில் மிஞ்சியிருப்பது கணப்பும், மெழுகுவத்தியும், சுவரோரமாக நிற்கும் பியானோவும்தான். யாராவது ஒருத்தி போய் உட்கார்ந்து மூடியைத் திறப்பாள். கேட்பதற்கு யாரும் கூடியிருக்க வேண்டும் என்கிற அவசியம் இல்லை.

இந்த வாத்தியம் ஒன்றும் மிகப் புராதனமானதல்ல. 1700-ஆம் ஆண்டை ஒட்டி, இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில், மெடிசி பிரபுக்களின் வாத்தியங்களைப் பராமரித்து வந்த கிறிஸ்டோபோரி என்பவர் செய்தது. அதற்கு முன்னிருந்த ஹார்ப்ஸிகார்டில் கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம்தான் வரும். உள்ளே ஓர் இறகுக் குச்சி தந்தியைச் சுண்டிவிடும், அவ்வளவுதான். கிறிஸ்டோபோரி இறகை எடுத்துவிட்டுச் சிறு சுத்தியல் வைத்தார். விரலில் இருக்கும் அழுத்தம் அப்படியே தந்திக்குப் போய்ச் சேர்ந்தது. மெதுவாகவும் உரக்கவும் வாசிக்கலாம் என்பதைத்தான் அந்த வாத்தியத்தின் பெயரே சொல்கிறது. அவர் கையால் செய்ததில் இன்று மூன்று மிஞ்சியிருக்கின்றன. நியூயார்க்கில் ஒன்று, ரோமில் ஒன்று, லைப்ஸிக்கில் ஒன்று. குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையில் வாசிக்கலாம் என்ற சௌகரியம் அந்தச் சுத்தியலால் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

வாத்தியம் இருந்தால் போதுமா? வாசிப்பதற்கு ஸ்வரம் எழுதிய புத்தகம் வேண்டாமா? அதற்கு வழி செய்தவர் ஒரு நாடகாசிரியர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஜெர்மனியில் மூனிக் நகரத்தில் ஸெனபெல்டர் என்று ஒருவர் நாடகங்கள் எழுதினார். அச்சுப் போட்டு விற்கக் கையில் பணம் இல்லை. செலவில்லாமல் தானே அச்சடிக்க வழி உண்டா என்று பார்த்துப் பார்த்து, 1796-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கல்லின் மேல் எழுதி அச்சடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்த நாடகங்களை இன்று யாரும் படிப்பதில்லை. ஆனால் அவர் கல்லச்சு தொடக்கத்திலேயே சங்கீதப் புத்தகங்களுக்குப் பயன்பட்டது. செப்புத் தகட்டில் ஒவ்வொரு புள்ளியாகச் செதுக்கி அச்சிட்ட காலம் போய், நடுத்தரக் குடும்பம் காசு கொடுத்து வாங்கக்கூடிய விலைக்கு ஸ்வரப் புத்தகங்கள் வரத் தொடங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பியானோ என்பது பிரபுக்களின் மாளிகையிலிருந்து இறங்கி வக்கீல், டாக்டர், கடைக்காரர் வீட்டுக் கூடங்களுக்கு வந்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது பியானோ வாசிப்பாளா என்று கேட்பதும் கூடவே வந்துவிட்டது. நமக்குத் தெரியாத கதையா இது?

அச்சைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் வந்தால் எல்லா வீட்டுப் பியானோவிலும் ஒலிக்கிற கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் மெட்டு, உண்மையில் கிறிஸ்துமஸுக்காகப் போட்டதே அல்ல. அச்சு யந்திரம் கண்டுபிடித்து நானூறு ஆண்டுகள் ஆனதை 1840-இல் லைப்ஸிக்கில் கொண்டாடினார்கள். அந்த விழாவுக்காக மெண்டல்ஸான் போட்ட மெட்டு அது. இந்த மெட்டுக்கு வேறு சாஹித்தியம் வைக்கலாம், ஆனால் தெய்வ சம்பந்தமான வார்த்தைகள் மட்டும் பொருந்தாது என்று அவரே கருத்துச் சொல்லியிருந்தார். அவர் 1847-இல் காலமானார். 1855-இல் கம்மிங்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த மெட்டிலேயே சார்லஸ் வெஸ்லியின் தேவதூதர் பாட்டைப் பொருத்திவிட்டார். அது நிலைத்தும் விட்டது. எழுதியவன் அபிப்பிராயத்துக்கு வாசிக்கிறவன் கட்டுப்படுவதில்லை. கதைக்கும் அதே கதிதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் வாசிப்பதற்கென்றே பெரிய சங்கீதக்காரர்கள் எழுதிய கிறிஸ்துமஸ் துண்டுகள் சில இருக்கின்றன. 1848-இல் டிரெஸ்டன் நகரத்தில் ராபர்ட் ஷூமன் தம் மூத்த பெண் மேரியின் ஏழாவது பிறந்த நாளுக்கு, பரிசாகச் சில சின்னஞ்சிறு பியானோத் துண்டுகளை எழுதிக் கொடுத்தார். வாத்தியார்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற சரக்கு அவருக்கும் அவர் மனைவி கிளாராவுக்கும் பிடிக்கவில்லை. எழுத ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சில வாரங்களுக்குள் நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதற்கு அவர் முதலில் வைக்க நினைத்த பெயர் 'கிறிஸ்துமஸ் ஆல்பம்'. ஹாம்பர்க் நகரத்துப் பிரசுரகர்த்தர் கிறிஸ்துமஸ் மாதம் மட்டும் விற்று மற்ற பதினோரு மாதம் தூங்கும் புத்தகத்தை விரும்புவாரா? 'இளைஞர்களுக்கான ஆல்பம்' என்று வெளியாயிற்று. ஆனாலும் உள்ளே பன்னிரண்டாவது துண்டாக நெக்ட் ரூப்ரெக்ட் இருக்கிறான். ஜெர்மன் குழந்தைகளின் பூச்சாண்டி அவன். பரிசு கொண்டுவரும் நல்ல சாமியாருக்குப் பின்னால், சமர்த்தாக இல்லாத குழந்தைகளுக்காகப் பிரம்பை எடுத்துக்கொண்டு வருவான். பியானோவின் கீழ்க்கட்டைகளில் இரண்டு கையும் ஒன்றாகத் தடதடவென்று இறங்கும். ஏழு வயதுக் குழந்தை அதை வாசிக்கும்போது பயப்படுகிறதா, பயமுறுத்துகிறதா என்று சொல்ல முடியாது. ஷூமனுடைய புத்தகங்களிலேயே மிக நன்றாக விற்றவற்றில் இது ஒன்று.

ருஷ்யாவில் சைகாவ்ஸ்கியின் கதை வேறு. என்னைப் போலப் பத்திரிகைக்காரர்களுக்கு எழுதி வயிறு வளர்க்கிறவர்கள் அதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். பீட்டர்ஸ்பர்க்கில் 'நுவெல்லிஸ்ட்' என்று ஒரு மாதப் பத்திரிகை. கதைப் பத்திரிகை அல்ல. சந்தாதாரர்களுக்கு மாதா மாதம் வீட்டில் வாசிக்க ஸ்வரம் அச்சிட்டு அனுப்பும் சங்கீதப் பத்திரிகை. அதன் ஆசிரியர் பெர்னார்ட், 1876-ஆம் ஆண்டில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு துண்டுகள் வேண்டும் என்று கேட்டார், நல்ல சன்மானம். ஒரு நண்பர், கஷ்கின் என்பவர், பின்னாளில் எழுதினார்: சைகாவ்ஸ்கி தம் வேலைக்காரனிடம் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட தேதியைச் சொல்லி ஞாபகப்படுத்தச் சொல்லியிருந்தாராம், அவன் வந்து நின்றதும் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்துவிடுவாராம். கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 1875 டிசம்பரிலேயே முதலிரண்டு துண்டுகளையும் சேர்த்துத் தபாலில் அனுப்பிவிட்டதாக அவர் ஆசிரியருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. கெடுவுக்கு முன்னால் இரண்டு அத்தியாயம் கொடுக்கிற எழுத்தாளனைப் பற்றிச் சுவையான கதை யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதால் நண்பர் கொஞ்சம் உதவி செய்தார் போலும்.

அந்த வரிசையில் டிசம்பர்த் துண்டு கிறிஸ்துமஸ். அதன் தலைப்பில் பெர்னார்ட் அச்சிட்ட கவிதை வரிகள், பெண்கள் காலிலிருந்து செருப்பைக் கழற்றி வாசலுக்கு வெளியே எறிந்து வருங்காலத்தைக் குறி பார்க்கும் இரவைப் பற்றியவை. சங்கீதமோ சாதுவான ஒரு வால்ட்ஸ் நடனம். தேவாலயமும் இல்லை, மணியோசையும் இல்லை. மேஜையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கூடத்தில் இரண்டு பேர் சுற்றுவதற்குப் போதுமான சங்கீதம். சந்தாதாரர் வீட்டுப் பெண் ஒருத்தி மாஸ்கோவிலோ கஸானிலோ அதைப் பிரித்து, முதல் தடவை தப்பும் தவறுமாக வாசித்துப் பார்த்திருப்பாள். அவளுக்காகத்தான் அது எழுதப்பட்டது. டென்மார்க்கில் நீல்ஸ் காட 1859-இல் எழுதிய 'குழந்தைகளின் கிறிஸ்துமஸ்' என்ற சிறு தொகுப்பும் இந்த ஜாதிதான்.

இவர்களெல்லாம் வீட்டுக்காக எழுதினார்கள், வாஸ்தவம். ஆனால் பிரசுரகர்த்தர் காத்திருந்தார். என் மனத்தைப் பல நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கதை வேறொருவருடையது. உலகத்திலேயே அதிகமாகச் சபையைக் கண்ட பியானோ வித்துவான், வயசான காலத்தில் ஒரு பேத்திக்காக எழுதிய கிறிஸ்துமஸ் சங்கீதம். பிரான்ஸ் லிஸ்ட் எழுதிய 'கிறிஸ்துமஸ் மரம்' என்ற பன்னிரண்டு துண்டுகளைச் சொல்கிறேன்.

லிஸ்ட் யார் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1811-இல் ஹங்கேரியில் பிறந்தவர். ஒரே ஒருவர் மேடையில் உட்கார்ந்து மாலை முழுவதும் பியானோ வாசிப்பது என்ற வழக்கத்தையே அவர்தான் நிலைநிறுத்தினார். அதற்கு 'ரிஸைட்டல்' என்ற பெயர் 1840-இல் லண்டனில் அவர் கச்சேரிக்கு வைக்கப்பட்டதுதான். பெர்லினிலும் பாரிஸிலும் அவரைக் கேட்ட பெண்கள் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்து, ஹைனே என்ற கவி 1844-இல் 'லிஸ்ட் பைத்தியம்' என்று அதற்கு ஒரு பெயரே சூட்டினார். அவ்வளவு புகழும் பணமும் கொட்டிக்கொண்டிருந்தபோது, 1847 செப்டம்பரில், முப்பத்தைந்தாவது வயதில், ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த எலிஸாவெட்கிராட் என்ற ஊரில் வாசித்ததோடு பணத்துக்கு வாசிப்பதை விட்டுவிட்டார். அப்புறம் நாற்பது ஆண்டுக் காலம் அவர் வாசித்ததெல்லாம் தர்மத்துக்கும் நண்பர்களுக்கும் சிஷ்யர்களுக்கும்தான்.

உலகம் பாராட்டும் இந்தத் தியாகத்துக்குப் பின்னால் வீட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. மாரி தகூல் என்ற பிரபுகுலப் பெண்ணிடம் அவருக்கு மூன்று குழந்தைகள்; பிளாண்டீன், கோஸிமா, தானியேல். தாயும் தந்தையும் பிரிந்த பிறகு குழந்தைகள் பாரிஸில் பாட்டியிடமும், பிறகு கண்டிப்பான ஓர் உபாத்தியாயினியிடமும் வளர்ந்தன. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் தகப்பனார் குழந்தைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பணம் அனுப்பினார், கடிதம் எழுதினார், படிப்பைப் பற்றிக் கண்டித்தார், வரவில்லை. ஒன்பது கிறிஸ்துமஸ். 1853 அக்டோபரில் ஒரு நாள் வந்தார். கூட ரிச்சர்ட் வாக்னர் என்ற நண்பரையும் அழைத்து வந்தார். கோஸிமாவுக்கு அப்போது பதினைந்து வயது. நண்பர் அவளை அன்று கவனித்ததாகவே தெரியவில்லை.

நாவல் எழுதுகிறவன் இப்படி அமைத்தால் நம்ப மாட்டார்கள். கோஸிமா தகப்பனாரின் சிஷ்யரான ஹான்ஸ் வான் ப்யூலோவைக் கல்யாணம் செய்துகொண்டாள். 1859 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோது, தம்பி தானியேல் இருபது வயதில் பெர்லினில் அவள் வீட்டிலேயே இறந்தான். மறு வருஷம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இறந்த தம்பியின் பெயரைத்தான் தானியேலா என்று வைத்தாள். 1862-இல் அக்கா பிளாண்டீனும் போனாள். லிஸ்டுக்கு மிஞ்சியது கோஸிமா ஒருத்தி. அவளும் பிறகு கணவனை விட்டு வாக்னரிடம் போய்விட்டாள். 1870 ஜூலையில் விவாகரத்து; ஆகஸ்டில் லூஸர்ன் நகரத்தில் வாக்னரோடு கல்யாணம். பெண்ணின் கல்யாணச் செய்தியை லிஸ்ட் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். ஒரு பக்கம் அருமைச் சிஷ்யன், ஒரு பக்கம் பெண், இன்னொரு பக்கம் தாம் தூக்கிவிட்ட நண்பன். அவர் பேச்சுவார்த்தையையே நிறுத்திக்கொண்டார்.

அந்த வருஷம் டிசம்பர் 25. லூஸர்ன் ஏரிக்கரையில் டிரிப்ஷன் என்ற வீடு. கோஸிமா உண்மையில் பிறந்தது 24-ஆம் தேதி. ஆனால் 25-ஆம் தேதிதான் கொண்டாடுவது வழக்கம். காலையில் அவள் தூக்கம் கலைந்தபோது வீட்டுக்குள் சங்கீதம் கேட்டது. மாடிப்படியில் வாத்தியக்காரர்கள் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஸூரிச்சிலிருந்து ரகசியமாக அழைத்து வந்து, ஹான்ஸ் ரிக்டர் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். பதின்மூன்று அளவுகளே வரும் டிரம்பெட் பாகத்துக்காக ரிக்டரே அந்த வாத்தியத்தைப் பழகிக்கொண்டார் என்றால் ஏற்பாட்டின் பைத்தியக்காரத்தனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் விருந்தாளியாக இருந்த இளைஞர் நீட்ஷே. சங்கீதம் முடிந்ததும் ஐந்து குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வாக்னர் கோஸிமாவின் அறைக்குள் வந்து ஸ்வரப் பிரதியைக் கையில் கொடுத்தார். குழந்தைகள் அதற்கு வைத்த பெயர் 'மாடிப்படிச் சங்கீதம்'. அந்த ஐந்தில் மூத்தவள், பத்து வயதுத் தானியேலா.

இது பியானோச் சங்கீதம் அல்லவே என்று வாசகர் கேட்கலாம். அல்ல; ஆனால் ஒரு வீட்டுக்குள் இருந்துவிட வேண்டும் என்று எழுதப்பட்ட சங்கீதத்துக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சரியான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அது குடும்பத்தின் சொத்து, வெளியே போகக்கூடாது என்று கோஸிமா நினைத்திருந்தாள். எட்டு வருஷம் போயிற்று. வாக்னருக்குக் கடன். 1878-இல் ஷாட் என்ற பிரசுரகர்த்தரிடம் அது விலைக்குப் போய், 'ஸீக்பிரீட் ஐடில்' என்ற பெயரில் உலகமெல்லாம் வாசிக்கத் தொடங்கியது. இன்று மேடைக்கு மேடை கேட்கிறோம், நமக்கு லாபம்தான். அவளுக்கு அது பெரிய துக்கம்.

லிஸ்டுக்கும் பெண்ணுக்கும் 1872-இல் சமாதானம் ஆயிற்று. வாக்னர் தம்பதிகள் செப்டம்பரில் வைமாருக்கு வந்தார்கள். அக்டோபரில் லிஸ்ட் பைராய்த்துக்குப் போனார். அதற்கு அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் அவர் 'கிறிஸ்துமஸ் மரம்' எழுதத் தொடங்கினார் என்பது வெறும் தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தாம் தகப்பனாக இருந்தபோது கொடுக்காத கிறிஸ்துமஸ்களை, தாத்தாவாக ஆனபிறகு எழுதிக் கொடுத்தார் என்பது என் கட்சி. 1876-க்குள் ஒருவாறு முடிந்தது. அப்புறமும் திருத்திக்கொண்டே இருந்தார். சமர்ப்பணம் முதல் பேத்தி தானியேலாவுக்கு.

பன்னிரண்டு துண்டுகளும் நான்கு நான்காக மூன்று புத்தகங்கள். முதல் புத்தகம் பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகள். இரண்டாவது துண்டின் தலைப்பில் 'பரிசுத்த இரவே' என்றிருப்பதைப் பார்த்து, ஆஸ்திரியாவில் ஓபர்ண்டார்ப் கிராமத்துக் கோயிலில் 1818-இல் கிதார் வைத்துக்கொண்டு முதன்முதலாகப் பாடிய அந்தப் பிரசித்தமான பாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. இது வேறொரு பழைய மெட்டு. மூன்றாவதாக, மேய்ப்பர்கள் தொழுவத்தில் நிற்கும் காட்சிக்கு அவர் எடுத்துக்கொண்டது லத்தீனும் ஜெர்மனும் அடிக்கு அடி மாறி வரும் ஒரு மத்திய காலப் பாட்டு. நம்முடைய மணிப்பிரவாளம் மாதிரி. நான்காவது, எல்லோருக்கும் தெரிந்த லத்தீன் பாட்டு. 'விசுவாசிகளே வாருங்கள்' என்ற அந்த மெட்டை மூன்று ராஜாக்களின் நடைக்குத் தகுந்தபடி அணிவகுப்பாக மாற்றியிருக்கிறார்.

ஐரோப்பாவையே நடுங்க வைத்த விரல்கள் எழுதியதா இது என்று சந்தேகம் வரும்படி அவ்வளவு எளிமை. பல இடங்களில் ஒரு கைக்கு ஒரு சமயத்தில் இரண்டே ஸ்வரங்கள். தொடக்கத் துண்டுகளைப் பியானோ இல்லாதவர்கள் ஆர்மோனியத்திலும் வாசிக்கலாம். அந்த நாட்டு ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. நம் பெட்டிக்கு அண்ணன். எனக்குக் கொஞ்சம் தெரிந்த வாத்தியம் ஆர்மோனியம்தான். மேய்ப்பர் துண்டின் மேல் வரியை மட்டும், ஒரு கையால் துருத்தியைப் போட்டுக்கொண்டு மெல்லத் தடவிப் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளேயே அது தாலாட்டாக ஆடத் தொடங்கிவிடுகிறது. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். கதவு சாத்தியிருந்தது.

இரண்டாவது புத்தகத்தில்தான் குழந்தை வருகிறது. மரத்தில் மெழுகுவத்தி ஏற்றும் துண்டு. ஒவ்வொன்றாகச் சுடர் பற்றிக்கொண்டு ஓடுவதுபோல் விரல்கள் ஓட வேண்டும், இதை மட்டும் பழக்கமில்லாதவர் தொட முடியாது. அப்புறம் மணிகள், ஒரு தாலாட்டு, தெற்குப் பிரான்ஸ் தேசத்துப் பழைய பாட்டு ஒன்று. தாலாட்டில் இடது கை கிட்டத்தட்ட ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையைத் தூங்க வைத்தவர்களுக்குத் தெரியும், அதை நடுவில் நிறுத்த முடியாது.

மூன்றாவது புத்தகத்தில் குழந்தைக்கு இடமே இல்லை. மாலை நேரத்து மணிகள் என்று ஆரம்பிக்கிறது. அடுத்தது 'முன்னொரு காலத்தில்'. பதினொன்றாவது 'ஹங்கேரிய ராகம்', பன்னிரண்டாவது 'போலிஷ் ராகம்' என்று சொல்லலாம். கிறிஸ்துமஸ் மரத்தில் ஹங்கேரிக்கும் போலந்துக்கும் என்ன வேலை? லிஸ்ட் ஹங்கேரியர். போலந்துக்காரி, கரோலின் இளவரசி. 1847-இல் கீவ் நகரத்தில் அவர் வாசித்தபோது சந்தித்தவள். அவர் பணத்துக்கு வாசிப்பதை நிறுத்தியதற்கும் அவள் யோசனை ஒரு காரணம். அவள் ஏற்கெனவே கல்யாணமானவள். வைமாரில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தார்கள். முதல் கல்யாணம் செல்லாது என்று கத்தோலிக்கத் திருச்சபையிடம் தீர்ப்பு வாங்குவதற்காக அவள் போராடாத இடமில்லை. கடைசியில் 1861 அக்டோபர் 22, லிஸ்டின் ஐம்பதாவது பிறந்த நாளன்று, ரோமில் ஸான் கார்லோ கோயிலில் கல்யாணம் என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் இரவு ரோமின் அதிகாரிகளிடமிருந்து ஆள் வந்து நிறுத்திவிட்டார்கள். 1864-இல் அவள் கணவர் இறந்து தடை நீங்கிய பிறகும் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மறு வருஷம் லிஸ்ட் துறவுக்கான சிறு பட்டங்களைப் பெற்றுக் கறுப்பு அங்கி தரித்தார். அவள் ரோமிலேயே பாபுயினோ தெருவில், ஜன்னல்களை மூடிக்கொண்டு, சுருட்டுப் புகைக்கு நடுவில், திருச்சபையின் குறைகளைப் பற்றிப் பல பாகங்களில் ஒரு பெரிய புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். 'முன்னொரு காலத்தில்' என்பது அவர்கள் சந்தித்த நாளைப் பற்றியது, கடைசி இரண்டும் அவரும் அவளும்தான் என்று லிஸ்டை அறிந்தவர்கள் சொல்வதுண்டு.

கேட்கும்போது எனக்கு அது சரியென்றே படுகிறது. 'முன்னொரு காலத்தில்' தயங்கித் தயங்கி வரும் ஒரு வால்ட்ஸ். நாலடி வைத்துவிட்டு நின்று விடுகிறது. பேத்திக்கு அருகில் உட்கார்ந்து மரத்து வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிற கிழவருக்கு ஞாபகம் எங்கேயோ போய்விடுகிறது. பிரசுரகர்த்தருக்காகப் பன்னிரண்டு துண்டு எழுதுகிறவர், தலைப்பை விட்டு இப்படி வழி தவறிப் போக மாட்டார். போனாலும் பிறகு அடித்துத் திருத்திவிடுவார். தமக்காக எழுதியவர் அப்படியே விட்டுவிட்டார்.

1881-ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த வருஷம் ஜூலையில் வைமாரில் வீட்டு மாடிப்படியில் லிஸ்ட் தவறி விழுந்தார். அடி பலமானது. அதுவரை நிமிர்ந்து நடந்தவர் அதற்குப் பிறகு கிழவராகிவிட்டார் என்கிறார்கள். தானியேலாவுக்கு அந்த வருஷமும் சாதாரணமானதல்ல. பத்தாண்டுகளுக்கு மேல் கண்ணால் காணாதிருந்த தகப்பனார் ப்யூலோவை, வசந்த காலத்தில் பெர்லினில் சந்தித்திருந்தாள். இலையுதிர் காலத்தில் தாத்தாவுக்குத் துணையாக ரோமுக்குப் புறப்பட்டு வந்தாள். அக்டோபரில் அவருக்கு எழுபது வயது நிறைந்தது, அவளுக்கு இருபத்தொன்று. வாக்னர் குடும்பம் அந்தக் குளிர் காலத்தில் ஸிஸிலியில் பலெர்மோ ஊரில் இருந்தது. வாக்னர் அங்கே 'பார்ஸிபால்' நாடகத்தின் கடைசிப் பக்கங்களை எழுதிக்கொண்டிருந்தார். ஜனவரி 13-ஆம் தேதி முடித்தார்.

டிசம்பர் 25 அன்று ரோமில் தானியேலாவின் ஹோட்டல் அறையில் 'கிறிஸ்துமஸ் மரம்' முதன்முதலாக வாசிக்கப்பட்டது. சங்கீத சரித்திரத்தில் ஒரு பெரிய வித்துவானின் படைப்பு அரங்கேறிய இடம் ஒரு பெண்ணின் வாடகை அறை. அன்று அவள் தாயாரின் பிறந்த நாளைக் கொண்டாடும் நாளும்கூட. தாயார் கடலுக்கு அப்பால். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில், மாடிப்படியில் நின்று வாசித்த சங்கீதத்தைக் கேட்ட பெண்ணுக்கு, இப்போது கேட்ட சங்கீதம் எப்படி இருந்திருக்கும்? அங்கே வாத்தியக்காரர்கள், ரகசிய ஒத்திகை, வியப்பு. இங்கே ஒரு பியானோ. கடைசித் துண்டில் வரும் போலந்துக்காரி அதே ஊரில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தன் புத்தகத்தின் அடுத்த பாகத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மறு வருஷம், 1882-இல், பெர்லினில் புர்ஸ்ட்னர் என்ற பிரசுரகர்த்தர் அதை வெளியிட்டார். ஒருவர் வாசிப்பதற்கு ஒரு பதிப்பு. ஒரே பியானோவில் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து நாலு கையால் வாசிப்பதற்கு இன்னொன்று. கிராமபோன் வராத அந்த நாளில் நாலு கைச் சங்கீதம் வீட்டு வழக்கம். பெரிய ஸிம்பனிகளைக்கூட அப்படித்தான் ஜனங்கள் தெரிந்துகொண்டார்கள். இதில் அனுகூலம் என்னவென்றால், தெரிந்தவர் பக்கத்தில் தெரியாதவரும் உட்காரலாம். சங்கடம் என்னவென்றால், பெஞ்சில் நெருக்கி உட்கார வேண்டும், முழங்கை இடிக்கும். பேத்தியும் தாத்தாவும் என்றால் அதில் சங்கடம் இல்லை.

புத்தகம் வெளிவந்தும் அது சபைக்கு அதிகமாக வரவில்லை. மேடை வித்துவான்களுக்கு அதில் காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. லிஸ்டின் பெயரைக் கேட்டு வருகிற ரஸிகர்கள் கட்டைகள் தெறிக்கும்படியான ஹங்கேரிய ராப்ஸடியைத்தான் எதிர்பார்க்கிறார்கள். இரண்டு ஸ்வரத்தில் தாலாட்டு வாசித்தால் ஏமாந்து போவார்கள். இசைத்தட்டில் பன்னிரண்டையும் பதிவு செய்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். மற்றபடி அது டிசம்பர் மாதத்தில் அலமாரியிலிருந்து எடுத்து, ஜனவரியில் திரும்ப வைக்கிற புத்தகமாகவே இருந்துவிட்டது.

1886 ஜூலைத் தொடக்கத்தில் பைராய்த்தில் தானியேலாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஹென்றி தோடே, சித்திரக் கலையின் சரித்திரம் எழுதுகிறவர். ஏறக்குறையக் கண் பார்வை மங்கிப்போன நிலையில் லிஸ்ட் வந்திருந்து ஆசீர்வாதம் செய்தார். அதே மாதம் 31-ஆம் தேதி, அதே ஊரில் காலமானார். அடுத்த மார்ச்சில் ரோமில் இளவரசியும் போய்ச் சேர்ந்தாள். புத்தகத்தை அவள் அதற்குள் முடித்திருந்தாள். தானியேலா 1940 வரை இருந்தாள்.